காலி இருக்கையிலிருந்து வந்த பன்னிரண்டு வோல்ட்

பெருமதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு,

உங்கள் மைத்துனன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். நீங்களும் அக்காவும் பிள்ளைகள் இருவரும் வருகிற திங்கட்கிழமை காலை வரை நலமாக இருப்பீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அதற்கு மேல் உங்கள் நலத்துக்கு என்னால் பொறுப்பேற்க முடியாது என்பதைத் தெரிவிக்கவே இந்தக் கடிதம்.

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பீர்கள். போன் செய்தால் அக்கா எடுப்பாள், எடுத்ததும் ஸ்பீக்கரில் போடுவாள், நான் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் அவள் நான்கு கேள்வி கேட்டு அவற்றுக்குப் பதிலும் அவளே சொல்லிவிடுவாள். ஏழு மாதம் வேலையில்லாமல் வீட்டில் இருந்த உங்களுக்கு ஒரு பெரிய வீட்டில் டிரைவர் வேலை கிடைத்திருப்பதைத் தெருவில் ஒரு வாசல் பாக்கியில்லாமல் சொல்லி முடித்துவிட்டாளாம். இரண்டு வெள்ளைச் சட்டை தைக்கக் கொடுத்திருக்கிறாளாம். சட்டையைத் தைத்து வாங்கிக்கொள்ளுங்கள் அத்தான், துணி மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த வேலைக்கு மட்டும் போகாதீர்கள். அந்த வண்டியின் டிரைவர் சீட்டில் ஏற்கெனவே ஆள் இருக்கிறார்.

எனக்குப் புத்தி கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன் என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் கேளுங்கள். நம் குடும்பத்தில் எல்லோரும் நான் கடையில் உட்கார்ந்து நாள் முழுக்கப் பாட்டுக் கேட்பதாக நினைக்கிறீர்கள். நான் நாள் முழுக்க அடுத்தவர் வண்டியின் கால்மிதிக்கு அடியில் தலையைக் கொடுத்துக் கழுத்தை ஒடித்துக்கொண்டு ஒயர் இழுக்கிறேன். காரில் முன்னால் இருக்கிற பாட்டுப் பெட்டியை நாங்கள் செட் என்போம். சத்தம் போதவில்லை என்கிறவர்களுக்கு டிக்கியில் ஆம்ப்ளிஃபயர் வைப்போம். ஆம்ப்ளிஃபயருக்குப் பாட்டரியிலிருந்து தடித்த ஒயரில் மின்சாரம் எப்போதும் வந்துகொண்டேதான் இருக்கும், ஆனால் அது தூங்கும். செட்டைப் போட்டதும் ஒரு மெல்லிய நீல ஒயர் வழியாகப் பன்னிரண்டு வோல்ட் வந்து எழுந்திரு என்று சொல்லும். அதற்கு ரிமோட் ஒயர் என்று பெயர். கையில் பிடித்து அமுக்குகிற ரிமோட்டுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நீல ஒயரில் மின்சாரம் இருக்கும் வரை ஆம்ப்ளிஃபயர் விழித்திருக்கும், நின்றால் தூங்கிவிடும். பெரிய வீடுகளில் வேலை செய்கிற நம்மைப் போலத்தான், கூப்பிட்டால் எழ வேண்டும், எதற்கு என்று கேட்கக் கூடாது. ஒரு ஆம்ப்ளிஃபயருக்கு அந்த ஒயரே போதும், இரண்டு என்றாலும் சமாளிக்கும். நான்கைக் கட்டினால் திணறிப்போய்ச் செட்டே கருகிவிடும். அதனால் நடுவில் ரிலே என்று தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி வைக்க வேண்டும். நீல ஒயர் ரிலேயை மட்டும் எழுப்பும், ரிலே பாட்டரியிலிருந்து தெம்பாக மின்சாரம் எடுத்து நான்கு ஆம்ப்ளிஃபயரையும் ஒன்றாக எழுப்பும். எழுப்பும்போது உள்ளே டிக் என்று ஒரு சத்தம் வரும். அந்த டிக்கை மறந்துவிடாதீர்கள். நான் ஒரு வாரமாக அதை மறக்கத்தான் பார்க்கிறேன்.

நீங்கள் ஓட்டப்போகிற அந்தக் கறுப்பு வண்டி சென்ற வாரத் திங்கட்கிழமை எங்கள் கடைக்கு வந்தது. அந்த வீட்டுச் சின்ன முதலாளிக்கு நான்கு ஆம்ப்ளிஃபயர் வேண்டுமாம். ஒரு திரையரங்குக்குப் போதுமான சத்தத்தை ஐந்து பேர் உட்காருகிற டப்பாவுக்குள் அடைத்துக் கேட்க வேண்டும் என்றால் அவருக்குக் காதில் கோளாறா, மனதில் கோளாறா என்று நான் கேட்கவில்லை. கேட்கிற இடத்தில் நான் இல்லை. கூட வந்த வீட்டு மேனேஜர், "பன்னெண்டு மணிக்குச் சின்னவர் வெளிய போகணும்" என்றார். அது இரண்டு நாள் வேலை. எங்கள் கடை ஓனர், "பதினொன்னரைக்கே குடுத்துடலாம் சார்" என்றார். யார் எந்த நேரம் சொன்னாலும் அதில் அரை மணி குறைத்துச் சொல்வது அவருடைய வாய்ப் பழக்கம். அந்த அரை மணி என் முதுகிலிருந்து எடுக்கப்படுகிறது.

அந்த வண்டியின் செட் கம்பெனியிலேயே வைத்துக் கொடுத்தது, அதில் நீல ஒயரே கிடையாது. அப்படிப்பட்ட வண்டியில், சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வருகிற ஏதாவது ஒரு ஒயரைத் தேடிப் பிடித்து அதிலிருந்து ரிலேயை எழுப்ப வேண்டும். முறைப்படி என்றால் டேஷ்போர்டைக் கழற்றி ஃபியூஸ் பெட்டிக்குப் போக வேண்டும். டேஷ்போர்டைப் பிடித்திருக்கிற பிளாஸ்டிக் கிளிப்புகள் முறைத்துப் பார்த்தாலே உடையும், உடைந்தால் கழற்றியவன் தலையில் விழும், அது எங்கள் கடைச் சட்டம். மணி பதினொன்று ஆகியிருந்தது. டிரைவர் சீட்டுக்கு அடியில் ஒரு ஒயர்க் கட்டு கண்ணில் பட்டது. சீட்டில் உட்கார்ந்து, சாவியைப் போட்டு, கையைக் கீழே விட்டு, மின்சாரம் இருந்தால் எரிகிற டெஸ்ட் லாம்பை வைத்தேன், எரிந்தது. சாவியை எடுத்துவிட்டு, இறங்கி, தரையில் மண்டியிட்டு மறுபடி வைத்தேன், எரியவில்லை. ஆக இது சாவி ஒயர்தான் என்று தீர்மானித்து ரிலேயை அதில் கட்டினேன். இதில் உள்ள மடத்தனம் உங்களுக்கு உடனே தெரியாது, எனக்கும் தெரியவில்லை. நான் இரண்டு காரியத்தை ஒரே நேரத்தில் மாற்றியிருக்கிறேன். சாவியையும் எடுத்தேன், சீட்டை விட்டும் எழுந்தேன். அந்த ஒயருக்கும் சாவிக்கும் சம்பந்தமே இல்லை. அது சீட்டுக்குள் இருக்கிற ஒரு தகட்டிலிருந்து வருகிறது. சீட்டில் ஆள் உட்கார்ந்தால் அதில் மின்சாரம் வரும், ஆள் எழுந்தால் போய்விடும். ஐந்து வருடம் இந்தத் தொழிலில் இருக்கிறவன் செய்யக்கூடிய தப்பு அது. புதிதாக வந்தவன் என்றால் பயந்துகொண்டு ஒழுங்காகச் செய்திருப்பான்.

தப்பு வெளியே தெரியவும் இல்லை. வண்டி ஓடும்போதெல்லாம் டிரைவர் சீட்டில் யாராவது இருந்துதானே தீர வேண்டும்? சின்ன முதலாளியே ஏறி உட்கார்ந்தார், டிக்கியில் நான்கு ஆம்ப்ளிஃபயரின் விளக்கும் எரிந்தன, கடைக் கண்ணாடி அதிர்ந்தது, ஓனர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். வருடத்துக்கு ஒரு முறை ஆட்டுகிற தலை. மூன்றாம் நாள் காலை அந்த வீட்டிலிருந்து போன். பாட்டரி செத்துவிட்டதாம். புதுப் பாட்டரி போட்டார்கள், அதுவும் ஒரே நாளில் செத்தது.

"என்னடா பண்ணி வெச்சிருக்க? நின்ன வண்டியில ஆம்ப்பு அது பாட்டுக்கு ஓடிட்டிருக்காம்" என்றார் ஓனர்.

"பூட்டின வண்டியில எப்படிண்ணே ஓடும்?"

"அத நீதான் எனக்குச் சொல்லணும். போய் சரி பண்ணிட்டு வா. முடியலன்னா அங்கேயே இருந்துக்கோ, இங்க வராத."

அந்த வீட்டை நீங்கள் வெளியிலிருந்து பார்த்திருப்பீர்கள். வண்டிகள் நிற்பது வீட்டுக்கு அடியில். சரிவில் இறங்கினால் மேலே பளிங்கு முடிந்து கீழே வெறும் சிமெண்ட் ஆரம்பிக்கும் கோடு தெளிவாகத் தெரியும். சன்னல் கிடையாது. காற்று என்று ஒன்று அங்கே வருவதே இல்லை, நேற்றைய காற்றைத்தான் இன்றும் மூச்சு விட வேண்டும். கூரையில் ஒரு குழல் விளக்கு, சுவரில் உயரத்தில் ஒரு மணி, சரிவின் அடியில் முதுகு உடைந்த பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு காவலாளி. பகல் பதினொரு மணி, வெளியே கண் கூசும் வெளிச்சம், இங்கே உள்ளங்கை ரேகை தெரியாத மங்கல். நான் வண்டியைத் திறந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன். டிக். எழுந்தேன். டிக். அப்போதுதான் எனக்கு என் தப்பு புரிந்தது. தலையில் அடித்துக்கொண்டு சிரித்தேன். சிரித்து முடித்து, கதவைச் சாத்திவிட்டு, கருவிப் பெட்டியை எடுக்கத் திரும்பினேன். பின்னால் டிக் என்றது.

திரும்பிப் பார்த்தேன். டிக்கியில் நான்கு விளக்கும் எரிந்தன. பாட்டு எதுவும் இல்லை, வூஃபர் என்கிற பெரிய ஸ்பீக்கர் மட்டும் தொண்டையைச் செருமப்போகிற மனிதன் மாதிரி அடிவயிற்றில் ஒரு ம்ம்ம் போட்டுக்கொண்டிருந்தது. சீட்டில் யாரும் இல்லை. தகடு மாட்டிக்கொண்டிருக்கும் என்று கதவைத் திறந்து சீட்டைக் கையால் அழுத்தினேன், தட்டினேன், குத்தினேன். மீட்டரை வைத்தேன், பன்னிரண்டு வோல்ட், ஒரு புள்ளி அசையவில்லை. குனிந்து பார்த்தபோதுதான் சீட்டின் தோல் நடுவில் உள்ளே அமுங்கியிருப்பதைக் கண்டேன். என் கையை எடுத்த பிறகும் அது மேலே வரவில்லை. தொட்டுப் பார்த்தேன். நெடுநேரம் ஒருவர் உட்கார்ந்திருந்த நாற்காலியில் நாம் உட்காரும்போது ஒரு வெதுவெதுப்பு தெரியுமே, அது இருந்தது. நான் அந்தச் சூட்டிலிருந்து கையை எடுத்து என் சட்டையில் துடைத்துக்கொண்டேன். பிறகு, ஏன் அப்படிச் செய்தேன் என்று எனக்கே தெரியாது, சாதாரணமாகக் கடையில் சொல்வதுபோலச் சொன்னேன்.

"அண்ணே, கொஞ்சம் எறங்குங்க. சீட்டுக்கு அடியில வேலை இருக்கு."

டிக். விளக்குகள் அணைந்தன. தோல் மெதுவாக மேலே எழும்பியது.

"சொன்னா எறங்கிடுவாரு" என்று முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது. காவலாளி. "தன்மையான மனுஷன். நாமதான் சொல்றதில்ல."

அத்தான், அந்த நேரத்தில் நான் என் கருவிப் பெட்டியைக் கீழே போட்டேன், அது என் கால் கட்டைவிரல் மேல் விழுந்தது, நகம் இன்னும் கறுப்பாகத்தான் இருக்கிறது. காவலாளி என்னைத் தன் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு விவரம் சொன்னார். உங்களுக்கு முந்தின டிரைவர் பதினோரு வருடம் அந்த வண்டியில், அதற்கு முன்னிருந்த வண்டியில், அதே இடத்தில் இருந்தவர். அந்த வீட்டில் ஒரு விதி உண்டு. மேலே பொத்தானை அமுக்கினால் கீழே மணி அடிக்கும், மணி அடித்த ஒரு நிமிடத்துக்குள் வண்டி வாசலில் நிற்க வேண்டும். அதனால் டிரைவர் சீட்டை விட்டு இறங்கக் கூடாது.

"கண்ணாடி ஏத்தித்தான் இருக்கணும். எறக்கினா உள்ள தூசி போகுமாம். எஞ்சினையும் ஓட விடக் கூடாது, புகை மேல போகுமாம்" என்றார்.

"ஏசி?"

"எஞ்சின் இல்லாம ஏதுப்பா ஏசி? நீ என்ன ஒயர் வேலைக்காரன்?"

"சரி, ஒண்ணுக்கு வந்தா?"

"காலையில எட்டு மணிக்கு முன்னாடி வரணும்."

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. இரண்டு மாதத்துக்கு முன் ஒரு நாள் அந்த டிரைவர் காலை எட்டு மணிக்கு ஏறி உட்கார்ந்திருக்கிறார். நல்ல கோடை. மாலை நான்கு மணிக்கு மணி அடித்திருக்கிறது. வண்டி போகவில்லை. மறுபடி அடித்திருக்கிறார்கள். "அஞ்சு தடவ அடிச்சாங்க. அப்புறம் மேனேஜர் எறங்கி வந்தாரு. எதுக்கு வந்தாரு? திட்றதுக்கு வந்தாரு. கண்ணாடியத் தட்டித் தட்டித் திட்டினாரு. ரொம்ப நேரம் திட்டினாரு. பதில் சொல்லலன்னதும் திமிருன்னாரு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, இதயம் பலவீனம்னாங்க. வேலைய விட்டுப் போயிட்டாருன்னு எழுதிக்கிட்டாங்க. அவரு வீட்டுக்காரம்மா வந்து இதே சரிவுல நின்னுது. மேல கூப்பிடல."

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே சுவரில் இருந்த மணி அடித்தது. அது வண்டிக்கான அழைப்புகூட இல்லை, மேலே யாரோ காவலாளியைக் கூப்பிட அடித்தது. மணிச் சத்தம் முடியவில்லை. அதற்குள் டிக். ரிலே ஒரு பொறி, அதற்குள் ஒரு செம்புச் சுருளும் ஒரு சின்ன இரும்புத் துண்டும் தவிர ஒன்றும் கிடையாது, ஆயிரம் ரிலே கட்டியிருக்கிறேன், எல்லாம் ஒரே மாதிரிதான் அடிக்கும். ஆனால் அன்றைக்கு அந்த டிக்கில் ஒரு அவசரம் இருந்தது. தூக்கத்திலிருந்து திடுக்கிட்டு எழுந்து நேராக உட்காருகிறவனின் அவசரம். எனக்குப் பயம் போய் எரிச்சல்தான் வந்தது. பேய் என்றால் பழி வாங்கும், கழுத்தை நெரிக்கும், குறைந்தது மேனேஜர் மண்டையிலாவது ஒரு விளக்கைத் தள்ளும் என்றுதான் கேட்டிருக்கிறேன். இந்த மனிதர் செத்த பிறகும் டியூட்டிக்கு வருகிறார். பதினோரு வருடத்தில் ஒருவனை இப்படிப் பழக்கியிருக்கிறார்கள் என்றால் என்ன வீடு அத்தான் அது?

சரி, என் வேலையை நான் முடிக்க வேண்டுமே. டேஷ்போர்டைக் கழற்றினேன், இரண்டு கிளிப் உடைந்தன, ஃபியூஸ் பெட்டிக்குப் போய், முதல் நாளே எடுத்திருக்க வேண்டிய சாவி ஒயரிலிருந்து ரிலேயை எழுப்பினேன். சீட்டு ஒயரை வெட்டி நுனியில் டேப் சுற்றினேன். சாவி போட்டால் ஆம்ப்ளிஃபயர் எழுந்தது, எடுத்தால் தூங்கியது. அத்தோடு பையைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்க வேண்டியவன் நான். மேனேஜர் வந்து என்ன கோளாறு என்று கேட்டார். நான் யோக்கியன் மாதிரி உண்மையைச் சொல்லித் தொலைத்தேன். ஒயர் மாறிவிட்டது, இது சீட்டில் ஆள் உட்கார்ந்தால் மின்சாரம் வருகிற ஒயர் என்றேன். திட்டுவார் என்று நின்றேன். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

"இரு இரு. அப்போ டிரைவர் சீட்டுல இருக்கானா எறங்கிட்டானான்னு இந்த ஒயரு சொல்லுமா?"

"சொல்லும் சார்."

"எனக்குச் சொல்லுமா?"

சொல்லும்படி செய்வதற்கு ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. வண்டி திருட்டுப் போனால் போனுக்குச் செய்தி அனுப்புமே, அதே பெட்டி. நான் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. அவர் எங்கள் ஓனருக்குப் போன் செய்தார், ஓனர் வாயைத் திறந்தார். மறுநாள் நானே போய், நானே வெட்டிய ஒயரை நானே நீட்டி, சீட்டுக்கு அடியில் அந்தப் பெட்டியைப் பொருத்தினேன். சீட்டில் ஆள் இருந்தால் அதில் ஒரு பச்சை விளக்கு எரியும், அதே நொடியில் மேனேஜரின் போனிலும் தெரியும். எழுந்தால் எத்தனை மணிக்கு எழுந்தார், எத்தனை நிமிடம் கழித்து உட்கார்ந்தார் என்று வரிசையாகப் பதிவாகும். என் தப்பிலிருந்து ஒரு டிரைவரைக் கட்டிப்போடுகிற கயிறு கிடைத்துவிட்டது. கடையில் எல்லோரும் கை தட்டினார்கள்.

நேற்று மேனேஜர் என்னை மேலே தன் அறைக்குக் கூப்பிட்டார். பெட்டி தப்பாகக் காட்டுகிறது என்று சத்தம் போடப்போகிறார், கழற்றிவிடலாம் என்று ஆசையாகப் போனேன். போனை என் முகத்துக்கு நேராக நீட்டினார். காலை எட்டு மணி முதல் மாலை நான்கு மணி வரை ஒரே பச்சைக் கோடு. வண்டி கீழே பூட்டியே இருந்த நாள் அது. சின்ன முதலாளி ஊரிலேயே இல்லை.

"பாத்தியா? எட்டு மணி நேரம். ஒரு தடவகூட எறங்கல."

"சார், வண்டியில ஆளே இல்ல சார்."

"எனக்குத் தெரியாதா? மிஷின் எப்படி இருக்குன்னு பாக்கறேன். அருமையா இருக்கு. திங்கக்கிழமை புதுசா ஒருத்தன் வரான், அவனுக்கு இதத்தான் காட்டப்போறேன். இதான் அளவு. இதுக்கு ஒரு நிமிஷம் கொறஞ்சாலும் ஏன்னு கேப்பேன்."

"பழைய டிரைவர் என்ன சார் ஆனாரு?"

"வேலைய விட்டுப் போயிட்டான்."

மேசையில் புது ஆளின் லைசென்ஸ் நகல் கிடந்தது. அதில் இருந்த போட்டோ உங்களுடையது அத்தான். பல்வலியோடு எடுத்ததுபோல ஒரு பக்கம் உப்பியிருக்குமே, அதே போட்டோ. அதுவரை அக்கா சொன்ன பெரிய வீடு இந்த வீடுதான் என்று எனக்குத் தெரியாது. எனக்கு நாக்கு அடங்கவில்லை. "பழையவரு போகல சார், இன்னும் கீழதான் உக்காந்திருக்காரு, முதல்ல அவர வீட்டுக்கு அனுப்புங்க, அப்புறம் புது ஆள எடுங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் போனைத் திருப்பி எங்கள் ஓனரின் எண்ணை அமுக்கினார். அதன் பலனை இன்னும் அனுபவிக்கவில்லை, நாளைக்குத் தெரியும்.

இப்போது உங்களைப் பற்றி. கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்களால் அரை மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார முடியாது. உங்கள் கல்யாணப் போட்டோக்களில் பாதியில் அக்கா மட்டும்தான் இருக்கிறாள், பக்கத்தில் காலி நாற்காலி. சர்க்கரை வந்த பிறகு கேட்கவே வேண்டாம். காற்றில்லாத குழியில், கண்ணாடி ஏற்றிய வண்டியில், செத்துப்போன மனிதனின் பொறுமையோடு உங்கள் பொறுமையை ஒருவன் போனில் வைத்து அளப்பான். நீங்கள் மானஸ்தர், தோற்கக் கூடாது என்று உட்காருவீர்கள். உட்கார்ந்தால் எழ மாட்டீர்கள். அக்கா அந்தச் சரிவில் வந்து நிற்பதை நான் பார்க்க வேண்டாம். ஏழு மாதம் இருந்தது எட்டு மாதமாகட்டும். வாடகைக்கு ஆட்டோ எடுங்கள், சந்தையில் மூட்டை வண்டி ஓட்டுங்கள், ஓட்டாமல் வீட்டில் அக்காவிடம் திட்டு வாங்குங்கள். திட்டு வாங்கி யாரும் செத்ததில்லை.

பெரியவர்கள் எல்லோருக்கும் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். பிள்ளைகள் இருவரும் நன்றாகப் படித்து, யாருடைய மணிச் சத்தத்துக்கும் எழுந்து ஓடாத வாழ்வு வாழ வேண்டும் என்று ஆசீர்வதிக்கிறேன். ஆசீர்வதிக்கிற வயது எனக்கு இல்லைதான், பரவாயில்லை, வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். அக்காவிடம் இந்தக் கடிதத்தைக் காட்ட வேண்டாம்.

என்றும் உங்கள் நலத்தில் அக்கறையுள்ள,
மைத்துனன்.

பின்குறிப்பு: மேலே உள்ளது வெள்ளிக்கிழமை எழுதியது. தபாலில் போடுவதற்குள் நிலைமை மாறிவிட்டது. இன்று ஞாயிறு மாலை. வெள்ளி இரவே ஓனர் என்னைக் கடையை விட்டு நிறுத்திவிட்டார், உடைந்த இரண்டு கிளிப்பையும் கையில் கொடுத்து அனுப்பினார். சனி காலை, மேனேஜர் ஒரு வார்த்தை சொன்னால் ஓனர் திரும்ப எடுத்துக்கொள்வார் என்று மன்னிப்புக் கேட்க அந்த வீட்டுக்குப் போனேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "உனக்கு லைசென்ஸ் இருக்கா?" என்றார். இருக்கு என்றேன். "எவ்வளவு நேரம் உக்காருவ?" என்றார். "நீங்க சொல்ற வரைக்கும் சார்" என்று ஒரு பதில் வந்தது. யார் சொன்னது என்று பார்த்தால் நான்தான். உங்கள் லைசென்ஸ் நகலை என்னிடமே கொடுத்து, "இத அந்த ஆளுக்குத் திருப்பி அனுப்பிடு" என்றார். இத்துடன் வைத்திருக்கிறேன். அப்போதே என்னை அந்த டிரைவர் சீட்டில் உட்கார வைத்துவிட்டார். வேலையைத் தட்டிப் பறிக்கத்தான் இவன் பேய்க் கதை எழுதினான் என்று அக்கா சொல்வாள். சொல்லட்டும், கடிதத்தைக் காட்டியே சொல்ல விடுங்கள். ஆனால் வேலை நான் நினைத்த அளவுக்கு மோசமில்லை அத்தான். நேற்று பதினொரு மணிக்கு எனக்கு மூச்சு முட்டியது. "அண்ணே, ஒரு அஞ்சு நிமிஷம் வெளிய நின்னுட்டு வரட்டுமா?" என்று காதுக்குள் சொல்வதுபோல் கேட்டுவிட்டு இறங்கினேன். பச்சை விளக்கு அணையவில்லை. சரிவில் ஏறி, காவலாளியோடு நின்று டீ குடித்தேன், வெயிலில் நின்றேன், வந்து ஏறினேன். மேனேஜர் போனில் எட்டு மணி நேரமும் ஒரே கோடு, முதுகில் தட்டிக் கொடுத்தார். இன்று நான்கு முறை இறங்கினேன், ஒரு முறை முக்கால் மணி நேரம். நான்காவது முறை திரும்பி வரும்போதுதான் நினைவு வந்தது, இன்று ஒரு தடவைகூட நான் அந்த அண்ணனிடம் கேட்கவில்லை.